புகைப்படத்தில் இல்லாத கோல்காப்பாளர்

தனசேகரனுக்குச் செய்தித்தாளை மனத்துக்குள் படிக்கத் தெரியாது. ஓவன் ரோட்டு வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் காலையில் உட்கார்ந்தாரென்றால், தலைப்புச் செய்தியிலிருந்து மரண அறிவிப்பு வரை வாய்விட்டுத்தான் படிப்பார். எதிரே அவர் மனைவி தையல்நாயகி தன்பாட்டுக்கு ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பாள். பாதி காதில் விழும், பாதி விழாது.

அன்றைக்கு விழுந்தது.

"இங்க பாரு, நம்ம ஏரியா சமூக மன்றத்துல கண்காட்சியாம்லா. 'வரலாறு மறந்த பெண்கள்'னு போட்டிருக்கான். ஒரு ஃபோட்டோகூட இருக்கு. காற்பந்து டீம். எல்லாம் பொம்பளைங்க." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார். "எழுபதுகளில் ஹாங்காங் மகளிர் அணியின் பெனால்டியைத் தடுத்து, சிங்கப்பூர்த் தொழிற்சாலைப் பெண்கள் அணிக்கு வெற்றி தேடித் தந்த கோல்காப்பாளர் நஃபீசா, நடுவில் நிற்பவர்."

நாயகி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அது தப்புங்க."

"எது?"

"அந்தப் பந்தப் புடிச்சது நஃபீசா இல்ல."

"பின்ன யாரு?"

"நான்தான்."

தனசேகரன் சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் மெதுவாகச் செய்தித்தாளை மடித்தார். படித்து முடிக்காமல் அவர் அதை மடித்து அவள் பார்த்ததில்லை.

"நாயகி, நம்ம கல்யாணமாகி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நீ பந்து வெளையாடினவன்னு எனக்குத் தெரியவே தெரியாதே."

"நீங்க கேக்கலியே."

அது முழு உண்மையில்லை என்று அவளுக்கே தெரியும். அவர் கேட்டிருக்கிறார். கல்யாணமான புதிதில், வலது கை மோதிர விரல் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டார். ஃபேக்டரியில் அடிபட்டது என்று சொல்லிவிட்டாள்.

*

நாயகியின் அப்பா விருத்தகிரி ஃபேரர் பார்க் திடலில் வேலை பார்த்தார். புல் வெட்டுவது, மழை பெய்து ஓய்ந்தால் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடுவது, ஆட்டத்துக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவது. அவர் வேலை முடித்து வரும்போது பாதம் இரண்டும் வெள்ளையாக இருக்கும். குடும்பம் டவுனர் ரோட்டுத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே அறையில். அறைக்குள் இருப்பதைவிடத் திடலில் இருப்பது நாயகிக்கு வசதியாக இருந்தது. பள்ளிவிட்டு நேராக அங்கேதான் போவாள்.

மாலையில் ஆண்கள் அணிகள் பயிற்சிக்கு வரும். கோல்கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தை எடுத்துப் போடுவாள். வலை கிழிந்திருக்கும் நாட்களில் பந்து நேராக அவள்மேலேயே வரும். முதலில் ஒதுங்கினாள். அப்புறம் பிடிக்க ஆரம்பித்தாள். வயதுக்கு மீறிய உயரம், நீளமான கை. ஒருநாள் ஒரு அணியின் கோல்காப்பாளர் வரவில்லை. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் சேக் தாவூது. சிராங்கூன் ரோட்டில் ஆட்டுக்கால் சூப் கடை வைத்திருந்தவர். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா, பின்னால நிக்கிறதுக்கு முன்னால வந்து நில்லேன்" என்றார். அவ்வளவுதான் அவள் காற்பந்துக்குள் வந்த கதை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொட்டப்புள்ள மண்ணுல விழுந்து பொரண்டுட்டு வந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அப்பாவிடம் சண்டை போடுவாள். அப்பா பாதத்தைக் கழுவிக்கொண்டே, "மண்ணுல விழாம எவன் பொழச்சான்?" என்பார். விளையாடு என்றும் அவர் சொன்னதில்லை, விளையாடாதே என்றும் சொன்னதில்லை. ஆனால் கோல் வாயிலில் மண் இறுகிப்போகாமல் கொத்திவிட ஆரம்பித்தார். விழுந்தால் அடிபடாது என்பதற்காக.

பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, காலாங் வட்டாரத்தில் ரேடியோ பாகம் செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான இளம்பெண்கள். நெட்பால் அணி, கூடைப்பந்து அணி என்று வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் யாருக்கோ பெண்கள் காற்பந்து என்று யோசனை வந்தது. பார்க்க வருகிறவர்கள் சிரிக்கத்தான் வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கூட்டம் வரும், வசூல் நன்கொடைக்குப் போகும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. பயிற்சி கொடுக்க யாரும் முன்வரவில்லை. நாயகி போய்த் தாவூது பாயிடம் கேட்டாள். அவர் சூப்பைக் கிண்டிக்கொண்டே, "ஒழுங்கா ஓடுவீங்களா, இல்ல பவுடர் கலைஞ்சுடும்னு நிப்பீங்களா?" என்று கேட்டார். பிறகு வந்தார்.

நஃபீசா நாயகிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கம்பி பற்றவைப்பவள். தஞ்சோங் பகாரில் இருந்த கடையநல்லூர்க் குடும்பம். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு மளிகைக் கடை. குட்டையான, உறுதியான பெண். தடுப்பாட்டத்தில் அவளைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம். காற்சட்டைக்குள் நீளமான கால்சராய் போட்டுக்கொண்டுதான் விளையாடுவாள். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தாள்.

"இவ்ளோ ஓவர்டைம் பாக்குறியே, சம்பளம் எங்கன்னு உங்க அத்தா கேக்க மாட்டாரா?" என்று நாயகி ஒருமுறை கேட்டாள்.

"கேப்பாரு. அன்னிக்குப் பாத்துக்கலாம்லா," என்றாள் நஃபீசா.

சிரிக்க வந்த கூட்டம் இரண்டாவது வருஷம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. பெண்கள் நிஜமாகவே ஆடினார்கள். பல தொழிற்சாலைகளிலிருந்து நல்ல ஆட்டக்காரிகளைப் பொறுக்கி ஒரே அணியாக்கினார்கள். தமிழ், சீனம், மலாய் எல்லாம் கலந்த அணி. திடலில் பேசிக்கொண்டது பாதி மலாய், பாதி கைச்சாடை. அப்படி இருக்கும்போதுதான் ஹாங்காங்கிலிருந்து ஒரு பெண்கள் அணி வந்தது. ஆட்டம் ஜாலான் புசார் அரங்கத்தில். நாயகி அதுவரை அந்த அரங்கத்துக்குள் காலடி வைத்ததில்லை.

*

அந்த ஆட்டத்தை நாயகி பல வருஷம் நினைத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். ஆனால் நினைத்தால் எல்லாம் அப்படியே இருக்கும். கையுறை வாங்க யாரும் யோசிக்கவில்லை. ரேடியோ பாகத்தில் விரல் ரேகை படாமலிருக்கத் தொழிற்சாலையில் கொடுக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறையை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாட்டிக்கொண்டு நின்றாள். மஞ்சள் சட்டை. கூட்டத்தில் அப்பா எங்கே இருக்கிறார் என்று தேடினாள். மேல்படியில், வேலையிலிருந்து நேராக வந்தவராக, வெள்ளைப் பாதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் பாதியில் சியூ லான் என்ற சீனப்பெண் ஒரு கோல் போட்டுவிட்டாள். இரண்டாம் பாதி முழுக்க ஹாங்காங் பெண்கள் இவர்கள் பக்கமே நின்றார்கள். நஃபீசா ஒருத்தியைத் தடுக்கப்போய்த் தள்ளிவிட, பெனால்டி. நஃபீசா திரும்பி நாயகியைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

அடிக்க வந்தவள் இடது காலால் அடிப்பவள். முதல் பாதியில் அவள் அடித்தவையெல்லாம் ஒரே பக்கமாகத்தான் போயின என்பது நாயகிக்கு நினைவிருந்தது. அந்தப் பக்கம் பாய்ந்தாள். பந்து வலது கையின் விரல் நுனியில் பட்டுக் கம்பத்தில் மோதி வெளியே போனது. விரல் பின்பக்கமாக மடங்கிய சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவள் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மாற்று ஆட்டக்காரிகள் எல்லாரும் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த ஓர் எளிதான பந்து கையிலிருந்து நழுவி, நஃபீசா ஓடிவந்து அடித்துத் தள்ளும்படி ஆனது. தாவூது பாய் கோட்டுக்குள் வந்து கையுறையைக் கழற்றினார். விரலைப் பார்த்தார். மஞ்சள் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஆட்களைச் சுற்றிலும் பார்த்தார்.

"நான் நிக்கிறேன் பாய்," என்றாள் நஃபீசா.

"நீ கோல்ல நின்னதே இல்லியே."

"பெனால்டி குடுத்தது நான்தானே. நானே நிக்கிறேன்."

அப்பா மேல்படியிலிருந்து இறங்கி வந்து நாயகியை டாக்சியில் ஏற்றிப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். மிச்ச ஆட்டத்தை அவளும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. வழியெல்லாம் அப்பா அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நல்லாப் புடிச்ச" என்று ஒரேயொரு முறை சொன்னார்.

மறுநாள் தாவூது பாய் செய்தித்தாளோடு குடியிருப்புக்கு வந்தார். பத்துப்பேராக ஆடி, அந்த ஒரு கோலைக் காப்பாற்றி ஜெயித்துவிட்டார்கள். நஃபீசா ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. படத்தில் பெண்கள் வரிசையாக நிற்க, நடுவில் நஃபீசா, விரல் மறையும் அளவுக்குப் பெரிய மஞ்சள் சட்டையில். படமெடுத்தவர் கோல்காப்பாளர் யார் என்று கேட்டிருக்கிறார். சட்டை போட்டிருந்தவளைக் காட்டியிருக்கிறார்கள். பெனால்டியைத் தடுத்த நஃபீசா என்று எழுதிவிட்டார்கள். தமிழ்ப் பத்திரிகையிலும் அப்படியே வந்தது.

"நான் போய்ச் சொல்லி மாத்தச் சொல்றேன்மா," என்றார் தாவூது பாய்.

நாயகிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. கட்டுப் போட்ட கையோடு நஃபீசாவைப் பார்த்து இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று தஞ்சோங் பகாருக்குப் போனாள்.

கதவைத் திறந்த தங்கச்சிக்காரி உள்ளே விடவில்லை. நஃபீசாவே மாடிப்படிக்கு வந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

"கடைக்கு வந்தவங்க எல்லாம் பேப்பரக் காட்டிட்டாங்க," என்றாள். "அத்தா கடைய அடச்சிட்டு வந்து அடிச்சாரு. வேலைக்குப் போக வேணாமாம். மாப்பிள்ள பாக்குறாங்க."

"நான் வந்து சொல்றேன் நஃபீசா. அது நான்தான்னு சொல்றேன்."

"சொல்லி? காச்சட்டையோட நின்னது நான்தானே. பந்த யாரு புடிச்சான்னா அத்தா கேக்குறாரு?"

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நஃபீசா நாயகியின் கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நாயகி, ஒண்ணு பண்ணு. யார்கிட்டயும் சொல்லாத. அடி வாங்கியாச்சு. பேராச்சும் எனக்கே இருக்கட்டும்லா."

"சரி," என்றாள் நாயகி. தாவூது பாயிடமும் போய் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

*

விரல் நேராகச் சேரவில்லை. நாயகி அதற்கப்புறமும் ஆடினாள், ஆனால் ஹாங்காங் ஆட்டம் போல இன்னொன்று அமையவில்லை. எண்ணெய் விலை ஏறித் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனது காற்பந்து. கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தனசேகரன் மின்சார வேலையில் இருந்தார், நல்ல மனிதர். பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், தனித்தனி வீட்டுக்குப் போனார்கள். பந்து விளையாடியதைச் சொல்லப்போனால் அந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்தைச் சொன்னால் கொடுத்த வாக்கை மீற வேண்டும். அதனால் மொத்தத்தையும் சொல்லாமல் விட்டாள். நாளடைவில் அது பெரிய விஷயமாகவும் படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் திடலில் ஆடுவதைச் சில நேரம் நின்று பார்ப்பாள். அவ்வளவுதான்.

நஃபீசாவை அதன் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தாள், தேக்கா மார்க்கெட்டில், மீன் கடை முன்னால். இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "உன் பந்துக்கு நான் அடி வாங்கினேன்டி" என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற கணவர் என்ன விஷயம் என்று கேட்டார். "ஃபேக்டரி கதை" என்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தி, "இன்னும் யார்கிட்டயும் சொல்லலதானே?" என்று கேட்டாள். இல்லை என்றாள் நாயகி. நஃபீசா அவள் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

கோவிட் காலத்தில் நஃபீசா இறந்துபோனாள். மரண அறிவிப்பைத் தனசேகரன்தான் வாய்விட்டுப் படித்தார். யார் என்று அவருக்குத் தெரியாது. நாயகி அன்றைக்கு ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

*

"நான் சொன்னத நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது," என்று தனசேகரனிடம் கண்டிப்பாகச் சொன்னாள் நாயகி. அவர் தலையாட்டினார். செய்தித்தாளைக்கூட மனத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாதவர் இதை எப்படி வைத்துக்கொள்வார் என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. ஆனால் கண்காட்சி திறப்பு விழாவுக்குப் போக வேண்டும் என்று அவர் பிடித்த பிடியை அவளால் விடுவிக்க முடியவில்லை. "நான் வாயே தொறக்க மாட்டேன். அந்த ஃபோட்டோவப் பெருசாப் பாக்கணும்லா," என்றார்.

சுவர் முழுக்கப் படங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மருத்துவச்சிகள், பால்காரிகள். பெயரில்லாத முகங்கள் நிறைய. கண்காட்சியை அமைத்தவள் சிவதர்ஷினி என்ற இளம் ஆய்வாளர். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பத்தின் கொள்ளுப்பேத்தி என்று மேடையில் சொல்லிக்கொண்டாள். நல்ல தமிழில் தொடங்கி, ஆர்வம் கூடக்கூட ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அவள் நஃபீசாவின் மகளை மேடைக்கு அழைத்தாள்.

மகள் ஃபரீதா பல் மருத்துவமனையில் தாதி. தாயின் அதே குட்டை உருவம். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா விளையாடினாங்கன்னே எனக்குத் தெரியாது," என்றாள். "சிவதர்ஷினி கூப்பிட்டுச் சொன்னப்ப வேற யாரோன்னு நெனச்சேன். நான் ஸ்கூல்ல நெட்பால் ஆடினா, எல்லா மேட்ச்சுக்கும் வந்து பின்னால நிப்பாங்க. ஒரு வார்த்த பேச மாட்டாங்க. இப்பத்தான் புரியுது." ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

நாயகிக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. பேரை நஃபீசா வைத்துக்கொள்ளட்டும், அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பேருக்கு நஃபீசா கொடுத்த விலை இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கோல்கம்பத்தையே அதுவரை தொடாதவள் பத்துப்பேராகக் குறைந்த அணிக்காக நின்று காப்பாற்றியதும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் போய்விட்டால் யாரும் இல்லை.

விழா முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஃபரீதா படத்தின் முன்னால் தனியாக நின்றாள். நாயகி பக்கத்தில் போனாள்.

"நான் உங்கம்மாகூட வேல பாத்தவ. இந்த டீம்ல நானும் இருந்தேன்."

ஃபரீதாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்க பாத்திருப்பீங்க ஆன்ட்டி. அந்தப் பெனால்டிய எங்கம்மா எப்படிப் புடிச்சாங்க? சொல்லுங்க."

நாயகி வேறு எதையெதையோ சொல்லத் தயாராகத்தான் வந்தாள். ஆனால் கேள்வி இவ்வளவு நேராக வரும் என்று நினைக்கவில்லை. நேராகக் கேட்டவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அதைப் புடிச்சது நான்மா," என்றாள். பிறகு மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். சட்டை மாற்றியது, தஞ்சோங் பகார் மாடிப்படி, வீங்கிய கன்னம், கடைசியில் நஃபீசா கேட்டுக்கொண்டது.

ஃபரீதா கையை விட்டுவிட்டாள்.

"எங்க தாத்தா அடிச்சாரா? அவரு யாரையும் அதட்டிக்கூடப் பேச மாட்டாரு. எனக்கு ஸ்கூல் விட்டதும் தினமும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவாரு."

"இருக்கலாம்மா. நான் பாத்ததச் சொன்னேன்."

"எங்கம்மா செத்து இத்தன வருஷம் கழிச்சு, இன்னிக்கு வந்து ஏன் சொல்றீங்க? இதான் எனக்கு அவங்களப் பத்திக் கெடச்ச ஒரே விஷயம்."

"போர்ட மாத்தணும்னு நான் கேக்கல. பேரு அவளுக்கே இருக்கட்டும். நீ தெரிஞ்சிக்கணும்னுதான்."

ஃபரீதா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தனசேகரன் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் நாயகியின் பையை வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்கள் நாயகிக்கு நன்றாக இல்லை. வாக்கையும் மீறினோம், ஒரு பிள்ளையின் மனத்தையும் நோகடித்தோம் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. "பேசாம வந்திருக்கலாம்" என்றாள் கணவரிடம். "இருக்கலாம்," என்றார் அவர். "ஆனா, நான் கேட்டப்ப விரலப் பத்திப் பொய் சொன்ன. அந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்லல. எனக்கென்னமோ அதுதான் சரின்னு படுது."

*

கண்காட்சி முடியும் நேரத்தில் சிவதர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, can you come? படத்துக்குக் கீழ இருக்கிறத மாத்திட்டோம். நீங்க வந்து பார்த்துச் சரியா இருக்கான்னு சொல்லணும்."

நாயகி திடுக்கிட்டாள். "யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"ஃபரீதாதான் ஆன்ட்டி. அவங்கதான் வந்து சொன்னாங்க. நான் உடனே மாத்தல. எனக்கு இன்னொருத்தங்க சொல்லணும்லா. தேடினேன். மேடம் சியூ லான் பிடோக்ல இருக்காங்க. கேட்டதும் அவங்களே மலாய்ல சொன்னாங்க, கோல்ல நின்னது உயரமான தமிழ்ப் பொண்ணு, விரல் ஒடிஞ்சும் அழவே இல்லன்னு."

மன்றத்துக்குப் போனபோது ஃபரீதாவும் அங்கே இருந்தாள். இருவரும் படத்தின் முன்னால் நின்றார்கள். புதிய அட்டையில் இரண்டு பெயர்கள். பெனால்டியைத் தடுத்து விரல் முறிந்த தையல்நாயகி மருத்துவமனையில் இருந்ததால் படத்தில் இல்லை என்றும், அதுவரை கோலில் நின்றிராத நஃபீசா அவருடைய சட்டையை அணிந்து, எதிரணியை ஒரு கோலும் போடவிடாமல் வெற்றியைக் காத்தார் என்றும், அதற்காக வீட்டில் தண்டிக்கப்பட்டு விளையாட்டையே இழந்தார் என்றும் எழுதியிருந்தது.

"உங்கம்மாகிட்ட நான் வாக்குக் குடுத்திருந்தேன்," என்றாள் நாயகி. குரலில் கோபமும் இருந்தது.

"அது நீங்க குடுத்த வாக்கு ஆன்ட்டி. நான் யாருக்கும் குடுக்கல." ஃபரீதா அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்கம்மா பேரு வேணும்னுதானே கேட்டாங்க? பேரு இருக்கு. அவங்க செஞ்சதுக்கே இருக்கு. செய்யாததுக்கு எதுக்கு?"

நாயகி இன்னொரு முறை அட்டையைப் படித்தாள். தன் பெயரை இப்படி அச்சில் அவள் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில்தான். அப்பா இருந்திருந்தால் படித்துக் காட்டச் சொல்லியிருப்பார், அவருக்கு எழுத்து தெரியாது. ஃபரீதாவிடம் திரும்பி, "தண்டிக்கப்பட்டுன்னு போட்டது உங்க தாத்தாவுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"ரொம்ப யோசிச்சேன். சித்திகிட்ட கேட்டேன், கதவத் தொறந்தவங்க அவங்கதான். அக்கா கல்யாணத்துக்கு அப்புறம் அத்தா யாரையும் கை நீட்டினதில்லன்னு சொன்னாங்க." ஃபரீதா படத்தில் இருந்த தாயைப் பார்த்தாள். "எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தவரும் அவருதான், எங்கம்மாவ அடிச்சவரும் அவருதான். நான் ரெண்டையும் வச்சுக்க வேண்டியதுதான்."

பின்னால் தனசேகரன், இத்தனை நாள் பூட்டிவைத்த வாயைத் திறந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் புதிய அட்டையைச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சிவதர்ஷினி அவரைத் தடுக்கவில்லை. ஃபரீதாவும் நாயகியும் ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஆன்ட்டி, எங்கம்மா நல்லா ஆடுவாங்களா? நெஜமாச் சொல்லுங்க."

நாயகி யோசித்தாள். "அவளத் தாண்டிப் போறது கஷ்டம். ஆனா ஆட்டம் அவ்ளோ சுத்தமில்ல. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினா, வர்றவ காலை மிதிச்சிருவா. மிதிச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கையக் குடுத்துத் தூக்கியும் விடுவா. விழுந்தவளே தேங்க்யூ சொல்லுவா."

ஃபரீதா முதல் முறையாகச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வீட்டுலயும் அப்படித்தான் ஆன்ட்டி. எங்க வாப்பா கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கல," என்றாள்.

"உங்க வாப்பாவ நான் தேக்காவுல பாத்திருக்கேன். மீன் வாங்கிட்டிருந்தாரு."

"அவருக்கு மீனே வாங்கத் தெரியாது."

"தெரியலதான். உங்கம்மா அவரு பொறுக்கினதெல்லாம் திருப்பிப் போட்டுட்டிருந்தா," என்றாள் நாயகி.